சேவல் வாலில் இரண்டு அங்குலம்

ஆண்டவன் படைத்ததில் அளவு சரியாக அமைந்தது ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடித்தவர் அடிக்குச்சியார். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த எங்கள் சின்ன டவுனின் முனிசிபல் ஆபீசில் அவர் குமாஸ்தா. சட்டைக் காலருக்குள் முதுகோடு ஒட்டி, அங்குலம் குறித்த ஓர் இரண்டடிக் குச்சி எப்போதும் செருகியிருக்கும். கல்யாணப் பந்தியில் இலைக்கும் இலைக்கும் இடைவெளி அளப்பார். சாவு வீட்டில் பாடையை அளந்து, "இது முடுக்குல திரும்பாதுய்யா, தெற்கு வழியாக் கொண்டு போங்க" என்பார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் அவர் மேல் எரிச்சல்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சேர்மன் மெட்ராஸ் போய்விட்டு வந்தார். அங்கே கடைப் போர்டெல்லாம் ஒரே வரிசையில் நிற்கிறதாம். இங்கே தெரு, தீப்பெட்டிக் குடோனைக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி கிடக்கிறதாம். வெள்ளைக்காரன் காலத்துப் போர்டு விதியைத் திருத்தி எழுதும் பொறுப்பை அடிக்குச்சியாரிடம் கொடுத்தார். ஒரே வாரத்தில் விதி தயார். போர்டு மூன்றடிக்கு ஒன்றரை அடி. வெள்ளைப் பூச்சு, கறுப்பு எழுத்து. சுவரை விட்டு ஒன்பது அங்குலத்துக்கு மேல் துருத்தக் கூடாது. படம் கூடவே கூடாது. மீறினால் லைசென்ஸ் ரத்து.

ஊரில் போர்டு எழுதும் பெயிண்டர் நான் ஒருவன்தான். பொய் சொல்வானேன், எனக்கு நல்ல சீசன்.

எழுதி மாட்டி முடித்ததும், எல்லாக் கடையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல நின்றன. எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு அப்போது எழுத்து தெரியாது. படம் பார்த்துத்தான் கடை ஏறுவார்கள். ஆனைக்குட்டத்துப் பெரியவர் ஒருவர் சவரத்துக்கு என்று கம்பவுண்டர் கடை நாற்காலியில் உட்கார்ந்து தாடையை நிமிர்த்திக் காட்டினார். கம்பவுண்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பு மருந்தைத் தடவி அனுப்பிவிட்டார். "வலிக்காமத்தான் செரைக்கான். முடிதான் போக மாட்டேங்கு" என்று பெரியவர் பஸ் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சிரிப்பு. சண்முகத்தாய்க்கு நடந்தது சிரிப்பு இல்லை. புருஷனை இழந்து, மூன்று பிள்ளைகளோடு இட்லிக் கடை நடத்தியவள். சுற்றுக் கிராமங்களிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வரும் சனத்துக்கு அது 'சேவல் கடை'. சேவல் படம் போனதும், கடை கைமாறிவிட்டது என்று நினைத்து எதிர்க் கடையில் ஏறிவிட்டார்கள். காலையில் அவித்த இட்லி சாயங்காலம் வரை கிடந்தது.

"இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா, கடையப் பூட்டிட்டு நானும் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கத்தான் போகணும்" என்றாள்.

சேர்மனுக்கு மட்டும் கவலை இல்லை. அவருடைய வெடிக்கடை வாசலில் ஒரு தகர ராக்கெட் தெருவுக்குள் நாலடி நீட்டிக்கொண்டிருந்தது. லோடு வண்டிக்காரர்கள் அதற்குக் கும்பிடு போட்டுக் குனிந்துதான் போவார்கள். அடிக்குச்சியார் அதையும் அளந்து, நோட்டீஸ் எழுதி, சேர்மன் மேஜையிலேயே வைத்தார். சேர்மன் அதன் தலையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'எழுத்து எதுவும் இல்லாததால் இது போர்டு அல்ல, அலங்காரம். விதி பொருந்தாது.' அடிக்குச்சியார் அதை வாங்கி ஃபைலில் கோத்தார்.

"அம்புட்டுத்தானா அண்ணாச்சி ஒங்க குச்சி?" என்று கேட்டேன்.

"பெரியவுக கையெழுத்துப் போட்டாச்சுல்லா. நீ போலே" என்றார்.

அவர் தினமும் பசியாறுவது சண்முகத்தாய் கடையில்தான். மறுநாள் காலை இலை போட்டாள். இட்லி வர வேண்டிய இடத்தில் நாலு வெள்ளைச் சீட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் 'இட்லி'. ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு: 'சட்னி'. எழுதிக் கொடுத்த பாவி நான்தான்.

"என்ன தாயி இது?"

"படிச்சுப் பசியாறுங்க அண்ணாச்சி. படம் வேணாம், எழுத்தே போதும்னு ஊருக்கே சட்டம் எழுதி வச்சிருக்கீகளே."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குச்சியை உருவி ஒரு சீட்டை அளந்தார். பிறகு இலையை மூடி, எதுவும் தொடாத கையை ஒழுங்காகக் கழுவிவிட்டுப் போனார்.

மத்தியானம் என் பட்டறைக்கு வந்தார். "ஏலே, தகரத்துல ஒரு சேவல் வெட்டு. ஒரு எழுத்து இருக்கக் கூடாது."

"விதி, அண்ணாச்சி?"

"இது போர்டு இல்லலே, அலங்காரம். சேர்மன் கையெழுத்து இருக்கு."

வெட்டிக்கொண்டு போனேன். சண்முகத்தாய் வாசலில் பிடித்து அளந்து பார்த்தார். வால் பதினொரு அங்குலம் துருத்தியது.

"அலங்காரத்துக்குத்தான் விதி இல்லையே" என்றேன்.

"விதி இல்லாட்டி? போறவன் தலையில இடிக்காதா? வெட்டுலே."

இரண்டு அங்குலம் வாலை நறுக்கிய பிறகுதான் ஆணி அடிக்க விட்டார். மறுநாளே சனம் திரும்பிவிட்டது.

ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தகரக் கத்தரி, தகர உலக்கை, தகர மூக்குக்கண்ணாடி. சேர்மன் குதித்தார். அடிக்குச்சியார் ஃபைலைத் திறந்து கையெழுத்தைக் காட்டினார். சேவலை இறக்கினால் ராக்கெட்டையும் இறக்க வேண்டும். சேர்மன் இரண்டையும் விட்டுவிட்டு அடிக்குச்சியாரை இறக்கினார். பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பவுண்டுக்கு மாற்றல். அங்கே போய்க் கொம்பை அளந்தார் என்று கேள்வி.

அங்கிருந்தும் காலையில் இரண்டு மைல் நடந்து சண்முகத்தாய் கடைக்குத்தான் வருவார்.

"நாலுதானே தாயி கேட்டேன், அஞ்சு இருக்கு?"

"அஞ்சாவது அலங்காரம் அண்ணாச்சி. பேசாமச் சாப்பிடுங்க."

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. வெயிலில் துருப்பிடித்த அந்தச் சேவலுக்குப் பதிலாக இதுவரை மூன்று தடவை புதுச் சேவல் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அளக்க ஆளில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாலை முழுசாக வெட்டி வாசல் வரை கொண்டுபோய், அங்கே நின்றுதான் இரண்டு அங்குலம் நறுக்குகிறேன்.