அத்தனையும் நடிப்பு, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். நான் நலம். எல்லோரும் இந்த வரியை ஒரு மரியாதைக்காக எழுதுவார்கள், நான் நிஜமாகவே எழுதுகிறேன். எதற்கும் இன்னொரு தடவை படித்துக்கொள். நீயும் உன் வீட்டாரும் பிள்ளைகளும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இந்நேரம் உனக்கு ஒரு பெண் போன் செய்திருப்பாள். பத்தொன்பது வயது, குரல் மெலிசு, ஆனால் பிடித்தால் விடமாட்டாள். உங்கள் அத்தான் மூன்று மாதமாக பிரஷர் மாத்திரை சாப்பிடவில்லை என்றும் இன்னும் ஏதேதோவும் சொல்லியிருப்பாள். ஒன்றையும் நம்பாதே. அத்தனையும் நடிப்பு. நீ அடித்துப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் என் குரலை வைத்து நீ எதையாவது கண்டுபிடித்துவிடுவாய். அந்த விஷயத்தில் நீ உன் அக்காவுக்குத் தம்பி.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் பயிற்சி நடத்துகிறார். பன்னிரண்டு பிள்ளைகள். அந்தக் குடும்பங்களிலிருந்து இதுவரை ஆஸ்பத்திரிக்குள் போனவர்கள் துடைப்பத்தோடு போனார்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சரில் போனார்கள். டாக்டராக ஒருவரும் போனதில்லை. "ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல முப்பத்திநாலு வருஷம் இருந்தவர், வீட்ல சும்மாதானே இருக்கீங்க, வாங்க சார்" என்று கூப்பிட்டார். சும்மா இருக்கிறேன் என்று அவருக்கு யார் சொன்னது என்று கோபம் வந்தது, அதே கோபத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முதலில் கட்டுரை திருத்தும் வேலை கொடுத்தார்கள். ஏன் மருத்துவராக விரும்புகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் எழுத வேண்டும். உனக்குப் போன் செய்தாளே, அந்தப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். விரிப்பில் இருக்கும் கறையைப் பார்த்தே அது எந்த வார்டு, என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுவாராம், அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தேன் என்று அவள் எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு, 'மேற்படி விண்ணப்பதாரரின் தாயார் சலவைப் பிரிவில் பணிபுரிந்து வருகிறார்' என்று எழுதினேன். பன்னிரண்டு கட்டுரைகளையும் அப்படியே சீர் செய்து, தேதி போட்டு, பக்கங்களைக் கோத்துக் கொடுத்தேன். நர்ஸம்மா படித்துவிட்டு, "ஏன் சார், பன்னிரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்களே" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொல்லித் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு பேனா என் கையிலிருந்து போயிற்று, என்னை நோயாளியாக்கினார்கள். நேர்காணலுக்கான பழக்கம் இது. ஓர் அட்டையில் என் நோயும் நான் மறைக்க வேண்டிய ரகசியமும் எழுதியிருக்கும். எதிரில் உட்காரும் பிள்ளை பேசிப் பேசி அதை வெளியே கொண்டுவர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இதுதான் வரவில்லை. போன வருடம் நேர்காணலில் தோற்றதே இதனால்தான். படிப்பு இருக்கிறது, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினார்களாம். இந்த வருடமும் தவறினால் சலவைப் பிரிவில் அம்மாவின் பக்கத்திலேயே ஓர் இடம் தயார், மேற்பார்வையாளர் சீருடைக்கு அளவுகூடக் கேட்டுவிட்டார். பயத்தில் அவள், நான் இருமி முடிப்பதற்குள் ஆறு கேள்வி கேட்டுவிடுவாள். நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கும்போது கடைசிப் பயிற்சி. நான் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். அட்டையில் என்னவோ லாரி ஓட்டுநர், முதுகுவலி என்று இருந்ததாம், பிறகுதான் தெரிந்தது. படிக்க முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், வாய்க்கு வந்த ஒரு கிழவனை நடித்தேன்.

அன்றைக்கென்று அவள் அவசரப்படவில்லை. "கடைசியா யார்கிட்ட பேசினீங்க ஐயா?" என்றாள். நான் யோசித்தேன், மச்சான். வியாழக்கிழமை போன் கம்பெனியிலிருந்து ஒரு குரல் பேசியது, அது பதிவு செய்த குரல். அதைச் சொன்னேன். அவள் அடுத்த கேள்விக்குப் போகாமல் சும்மா இருந்தாள், அந்தச் சும்மா இருந்ததில்தான் எல்லாம் கெட்டது. சில காலைகளில் நான் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்காருவதையும், பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்பார், ஏதாவது சொல்வேன், என் எண் வந்ததும் டோக்கனைப் பின்னால் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்பதையும் சொன்னேன். உன் அக்கா இருந்தவரை மாத்திரையை அவள்தான் எடுத்து நீட்டுவாள், நான் போட்டுக்கொள்வேன், இப்போது நானே எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது யாருக்காக என்று தோன்றுகிறது என்றும் சொல்லிவிட்டேன். அவள் நோட்டை மூடினாள். "இது கார்டுல இல்லையே ஐயா." "கொஞ்சம் சேத்துக்கிட்டேன்மா" என்றேன். சொந்தக்காரர் யாருடைய நம்பராவது கொடுங்கள் என்றாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உன்னுடையது ஒன்றுதான். கூப்பிடட்டுமா என்று கேட்டாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டிருப்பாள். நர்ஸம்மாவோ, "என்னமா நடிக்கிறீங்க சார், எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றார். ஆகவே இது நடிப்பு என்பதற்கு அவரே சாட்சி.

நீ வர வேண்டாம். எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அந்தப் பெண்ணின் நேர்காணல் முடிவு இன்னும் வரவில்லை, இப்போதைக்கு என் கவலையெல்லாம் அது ஒன்றுதான். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
எந்தக் குறையும் இல்லாத
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது கதவைத் தட்டினார்கள். அவளும் அவள் அம்மாவும். இடம் கிடைத்துவிட்டது. அம்மா வேலைச் சீருடையோடே வந்திருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள், நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன். நேர்காணலில், நோயாளி ஒரு விஷயத்தை வீட்டில் சொல்லாதே என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். "நான் சொல்ல மாட்டேன், அவரே சொல்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பேன்னேன் ஐயா." என் மச்சானிடம் மட்டும் சொல்லிவிட்டாயே என்றேன். "யாருக்கும் போன் பண்ணலையே. நீங்க சரின்னு சொல்லலையே ஐயா" என்றாள். ஆக, உனக்கு ஒன்றுமே தெரியாது. நீ கேள்வியே படாத ஒன்றைத்தான் பக்கம் பக்கமாக மறுத்து எழுதி வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டால் விஷயம் முடிந்தது. அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டார். இவள் மட்டும் போகவில்லை, எதிர் நாற்காலியில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். கிழிக்கவில்லை, மச்சான். நடிப்பு என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. முடிந்தால் வா.