பஜ்ஜிக் கையும் உண்ணிச்செடி இலையும்

திங்கட்கிழமை காலையில் தண்டாயுதபாணி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் இலை பறிக்கப் போவதில்லை. தலையே போனாலும் போவதில்லை. ஆம்பளைன்னா ஒரு சொல்!

அந்தச் சொல்லை அவர் வீட்டில் சொல்லவில்லை. வில்பட்டி டீக்கடையில், கூட்டாளி ஞானவேலிடம் சொன்னார். வீட்டில் சொல்லுகிற அளவுக்கு அது இன்னும் முற்றவில்லை.

விவகாரம் இதுதான். அவர் சம்சாரம் வள்ளி கொடைக்கானலில் ரெண்டு நாள் பயிற்சிக்குப் போய் இலை அச்சு கற்றுக்கொண்டு வந்திருந்தாள். இலையில் மையைத் தடவி, மேலே காகிதம் வைத்து, கரண்டி முதுகால் தேய்த்து எடுத்தால் நரம்பு நரம்பாக அப்படியே விழும். அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் இலை சோலைக்காட்டு ஓரத்தில் அல்லவா கிடக்கிறது! காட்டுப்பூவரசு, பெரணி, குறிஞ்சி என்று நம்ம மலையில் தானாக முளைத்ததாகவே வேண்டும். அதுவும் வெள்ளனே வேண்டும். டீக்கடையில் முதல் ஈடு பஜ்ஜி இறங்குகிற நேரத்தில் இவர் மேட்டில் மூச்சிரைக்க நிற்க வேண்டும். பத்து வருஷமாக அவர் கட்டிக்காத்த பெஞ்சு ஓரத்தில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பொறுப்பாரா மனுஷன்?

"முடியாதுன்னு சொன்னா சண்டை வரும் மாப்ள," என்றான் ஞானவேல். "செய்யி. ஆனா தப்பாச் செய்யி. நான் ஒருக்கா பாத்திரம் வெளக்குனேன். ரெண்டு டம்ளர் ஒடஞ்சது. அதோட சரி, என்னய அடுப்படிப் பக்கமே விடல."

ஆகா! தண்டாயுதபாணிக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று பஜ்ஜியைச் சாவகாசமாகத் தின்றார். கடைக்குப் பின்னால் போனார். அங்கே உண்ணிச்செடி புதர் புதராக மண்டிக் கிடந்தது. எங்கிருந்தோ வந்து மலையையே வளைத்துப் போட்ட செடி. பை நிறையப் பறித்தார். வேட்டியில் கொஞ்சம் சேறும் பூசிக்கொண்டார்.

வள்ளி பையைத் திறந்து பார்த்தாள்.

"இது உண்ணிச்செடியில்லங்க?"

"அப்படியா? எனக்கெங்க தெரியும் புள்ள! எல்லாம் பச்சையாத்தான இருக்கு."

"எங்க பறிச்சீங்க?"

"சோலை ஓரந்தான். ஆறு கிலோமீட்டர் நடந்தேன். அட்டை வேற கடிச்சிருச்சு."

"ஆத்தாடி! சோலை வரைக்கும் வந்துருச்சா இந்தச் சனியன்?"

"வந்துருச்சாவா? காடு பூரா அதுதான்!"

திட்டு விழும், அதோடு விடுதலை என்று காத்திருந்தார். வள்ளி திட்டவில்லை. ஒரு இலையை எடுத்து மை தடவி அச்செடுத்தாள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சூடாகக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சும்மா காப்பி வருகிற வீடா அது?

மறுநாள் விடியும்போது வாசலில் ஜீப் நின்றது. வள்ளியின் அச்சு அட்டைகளை வாங்கி விற்கிற கடைக்கார அம்மா மணிமேகலை இறங்கினார். சோலையில் புகுந்த அந்நியச் செடிகளைப் பிடுங்குகிற குழுவுக்கும் அவர்தான் தலைவி. பின்னால் நாலு பேர், மண்வெட்டியோடு.

"சார், வள்ளி போன்ல சொன்னாங்க. சோலை வரைக்கும் உண்ணிச்செடி வந்துருச்சாமே! நல்லவேளை நீங்க பாத்தீங்க. வாங்க, எடத்தைக் காட்டுங்க."

தண்டாயுதபாணி வள்ளியைப் பார்த்தார். அவள் பையை நீட்டினாள்.

"அப்படியே வழியில உதிர்ந்து கெடக்குற காட்டுப்பூவரசு எலையும் பெரணியும் எடுத்துட்டு வந்துருங்க. சனிக்கிழமைக்குள்ள இருபத்துநாலு அச்சு அட்டை குடுக்கணும்."

டீக்கடையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கால் போகும். காலையே கொடுத்தார். ஆறு கிலோமீட்டர் என்று அவர் சொன்ன கணக்கு, இல்லாத செடியைத் தேடித் தேடி ஒன்பதாக நீண்டது. ஒரு உண்ணிச்செடி கண்ணில் படவேண்டுமே! அட்டை மட்டும் சொன்ன சொல் தவறாமல் கடித்தது, ஏழு இடத்தில். "நீங்களே பிடுங்கிப் போட்டுட்டீங்க போல சார்," என்று மணிமேகலை பாராட்டிவிட்டு வேறு போனார்.

மதியம் நொண்டிக்கொண்டே வந்து நல்ல இலைப் பையைக் கீழே வைத்தார். வள்ளி ஒரு காகிதத்தை அவர் மடியில் போட்டாள். நேற்று எடுத்த அச்சு. உண்ணிச்செடி இலை, நரம்பெல்லாம் துல்லியம். நட்ட நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் தடம்.

"தண்ணி மையிங்க. எண்ணெய் பட்ட எடத்துல ஒட்டாது. சோலையில யாருங்க பஜ்ஜி போடுறா?"

"அ... அப்ப தெரிஞ்சுமா அந்தம்மாவ வரச் சொன்ன?"

"பின்ன? ஆறு கிலோமீட்டர் நடந்தேன்னு சொல்லிட்டீங்க. எம் புருசன் பொய் சொன்னார்னு ஆகிறக் கூடாதுல்ல?"

தண்டாயுதபாணி காலைத் தடவிக்கொண்டார். வள்ளி காலிப் பையை உதறி, நாளைக்கென்று ஆணியில் மாட்டினாள்.

"பஜ்ஜி தின்னுட்டே போங்க, யாரு வேணாங்குறா? கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிருங்க."