இட்லிப் பானையில் ஏறிய தொப்பி

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருப்பவனுக்கு ஒரு குறையும் வராது. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எனக்குப் பழைய ஃபெல்ட் தொப்பிகளைப் பற்றித் தெரியும். (தெரியும் என்றால், வீடியோவில். நிஜத் தொப்பி ஒன்றைக்கூட அதுவரை தொட்டதில்லை. நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். அந்த வெயிலில் கம்பளியை அமுக்கிச் செய்த தொப்பியைப் போட எவனுக்குப் பைத்தியம்?)

மாமனார் வீடு திருவெறும்பூரில். அங்கே ஒரு பழுப்புத் தொப்பி இருந்தது. ரயில் எஞ்சின் ஓட்டிய தன் தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்கார துரை கழற்றிக் கொடுத்தது என்பார் மாமனார். "துரையாவது மண்ணாவது! நம்ம அப்பா பாலக்கரைல பழைய சாமான் கடைல பேரம் பேசி வாங்குனதுண்ணே" என்பார் அவர் தம்பி. இந்தச் சண்டை ஆயுத பூஜைதோறும் நடக்கும். ஏனென்றால் அந்த வீட்டில் ஸ்பேனர், சுத்தியலோடு தொப்பிக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பூஜை முடிந்ததும் மாமனார் அதைப் போட்டுக்கொண்டுதான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஸ்கூட்டரை ஏற்றுவார். வருஷத்தில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

என் முதல் ஆயுத பூஜை. சண்டை தொடங்கியது. நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, எந்தக் காலத்துத் தொப்பின்னு நான் பாத்துச் சொல்லிடறேன்."

அதுவரை "சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர என்னிடம் எதுவும் கேட்டிராத மாமனார், தொப்பியை இரண்டு கையாலும் நீட்டினார். "சொல்லுங்க மாப்பிள்ளை. இவன் வாய அடைக்கணும்."

நாடாவைத் தடவினேன். விளிம்புத் தையலைப் பார்த்து "ம்ம்" என்றேன். (ஒரு மண்ணும் புரியவில்லை.) உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டையைப் புரட்டினால் அளவுச் சீட்டு இருக்கும், அதை வைத்துக் காலத்தைச் சொல்லலாம் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். பட்டையோ அப்பளமாகக் காய்ந்திருந்தது. புரட்டினால் உடையும். அதற்கும் வீடியோக்காரன் வழி சொல்லியிருந்தான்: லேசாக ஆவி காட்ட வேண்டும். என் கண்ணில் பட்டது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த இட்லிப் பானை.

"என்னங்க, வேண்டாங்க" என்றாள் மனைவி மீனா.

"உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். (அந்த வார்த்தைக்கு இன்றும் அனுபவிக்கிறேன்.)

இட்லித் தட்டின் மேல் தொப்பியை வைத்து மூடியும் போட்டேன். கூடத்தில் சின்ன மாமனார் ஏதோ கேட்க, போய் அவருக்குத் தொப்பி வரலாற்றைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டு வந்தேன். மூடியைத் திறந்தால் நனைந்த ஆட்டின் வாடை. தோல் சுருங்கி இறுகி, தொப்பியையும் உள்ளே இழுத்திருந்தது. பட்டைக்குப் பின்னால் சீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கையால் இழுத்தேன், முழங்காலில் மாட்டி இழுத்தேன். அசையவில்லை. அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே.

மாமனார் வந்தார். தொப்பியை வாங்கித் தலையில் வைத்தார். உச்சந்தலையில் அது டம்ளர் போல நின்றது. அப்படியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். பழம் நசுங்கியது, தொப்பி கீழே விழுந்தது. எடுத்துத் தூசி தட்டி மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. பிறகு அவர் அதை வைக்கவில்லை.

"சாப்பிட வாங்க மாப்பிள்ளை" என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கொள்ளிடத்தில் குதிக்கலாம் என்றால் அதில் அப்போது வெறும் மணல்தான். இலையில் விழுந்த இட்லியிலும் அதே ஆட்டு வாடை. எல்லோரும் அதையே சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அண்ணனும் தம்பியும் துரையைப் பற்றியோ பாலக்கரையைப் பற்றியோ பேசியதில்லை. தொப்பிக்கு இன்றும் சந்தனம், குங்குமம் உண்டு. பூஜைக்கு வருகிறவர்கள் யாராவது, "இது எந்தக் காலத்துதுங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், வேறு எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்:

"எங்க மாப்பிள்ளை வந்த வருஷத்துதுங்க."