மூன்று பானைக்கு ஒரு சோறு

நெய்வேலி டவுன்ஷிப்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய நெல்லிக்குப்பம் சம்பந்தி சிங்காரவேல் அவர்களுக்கு, செந்தில்நாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உமாராணியும் மகள் சத்யாவும் நலம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேலுடையான்பட்டு முருகன் அருளட்டும். தங்கள் சரக்கு மட்டும் நலமாக இல்லை.

நிற்க. தாங்கள் அனுப்பிய ரோலர்களும் நிற்கின்றன. விஷயம் அதுதான். அவை கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சுழல வேண்டியவை. வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து வாங்குவதுதான் வடக்குத்து ஊரிலுள்ள கம்பெனியில் என் வேலை என்பது தாங்கள் அறிந்ததே. சம்பந்தம் பேசும்போது அதைத்தான் முதலில் விசாரித்தீர்கள். பெட்டியில் மேலாக இருந்ததைக் கையால் சுழற்றினேன், டீ குடித்துவிட்டு வரும்வரை சுழன்றுகொண்டிருந்தது, சம்பந்தி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பூரித்து, அந்தப் பூரிப்பில் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தேன், அது அரைச் சுற்றில் நின்றது, அடியிலிருந்து எடுத்தது கரகரவென்று முனகிவிட்டு அசையவே மறுத்தது, உடனே தங்களுக்குப் போன் செய்தேன். "என்னா சம்பந்தி, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நீங்க என்னாடான்னா அடி வரைக்கும் துழாவிக்கினு இருக்கீங்களே?" என்றீர்கள். சோறு ஒரே பானையில் வெந்ததா என்று கேட்டேன். "ஆர்டரு பெருசு, மூணு பட்டறையில குடுத்து செஞ்சோம்" என்றீர்கள். மூன்று பானைச் சோற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி, வெந்ததை மட்டும் மேலே அடுக்கியிருக்கிறீர்கள்.

பெண் பார்க்க வந்தபோது தாங்கள் ஒரு சோற்றோடு விடவில்லை. வேன் நிறைய வந்து, சத்யாவை நடக்கச் சொன்னீர்கள், பேப்பர் வாசிக்கச் சொன்னீர்கள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். குறை சொல்லவில்லை; வாங்குகிறவர் பார்க்கத்தான் வேண்டும். என் பயம் வேறு. நின்றுபோன ரோலரில் பெல்ட் உரசினால் சூடேறும், மேலே போவது நிலக்கரி, பக்கத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் சுழற்றிப் பார்ப்பது என்று கிளம்பினேன். உமாராணி விடவில்லை. "தாலி ஏறட்டும், அப்புறமா உருட்டிப் பாருங்க. பெட்டி திரும்பினா கல்யாணமும் நின்னுடும்" என்று அழுதாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அன்று என் வயிற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எனவே, மகளின் வாழ்வை உத்தேசித்து, மேலாக இருந்த அந்த ஒரே ரோலரைப் பதமாகக் கொண்டு முழுச் சரக்கையும் ஏற்றுக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளை அருண்குமாருக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
செந்தில்நாதன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை தங்கள் வண்டியோடு வந்து நிற்கிறார். "மாமா, கீழ இருக்குறது எதுவும் சுத்தாதுங்க. ஏத்தாதீங்கன்னு அப்பாகிட்ட தலையால அடிச்சிக்கினேன். கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க, நாளைக்கு நானே எடுத்துக்கினு போயிடறேன்" என்கிறார். கதவருகில் நின்று கேட்ட சத்யா, அவரை நடக்கச் சொன்னாள், பேப்பர் வாசிக்கச் சொன்னாள். மார்க் ஷீட் வேண்டாமாம். ஆகவே மேலே எழுதிய தீர்மானம் ரத்து. தங்கள் தயாரிப்பில் ஒன்றே ஒன்று ஏற்கப்பட்டது. அது கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறது. மற்றவை நாளை அதே வண்டியில் திரும்பி வரும்.