உங்கள் மகள் இன்னும் முடிவு செய்யவில்லை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் சௌக்கியம். அதாவது, உங்கள் மகள் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நான் அனுப்பிய கண்ணாடி அத்தைக்குச் சரியாக உட்கார்ந்ததா? மூக்கில் அழுத்தினால் திருப்பி அனுப்புங்கள், சரிசெய்து தருகிறேன். போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் மகள் சமையலறையிலிருந்தே பதில் சொல்லிவிடுகிறாள், நான் கேட்காத கேள்விக்கும் சேர்த்து. அதனால் கடையில், கண் பரிசோதிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வெளியே வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களும் என்னைப் பார்க்க வரவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம்.

எங்கள் வார்டில் நான் தேர்தலுக்கு நிற்பது உங்களுக்குத் தெரியும். முதல் கூட்டம் தபால் ஆபீஸ் முனையில் நடந்தது. ரோடு, தண்ணீர், தெருவிளக்கு என்று ஒன்றையும் விடாமல் முழங்கினேன். ஜனங்கள் கொட்டாவி விட்டாலும் மரியாதையாகக் கையால் மறைத்துக்கொண்டு விட்டார்கள். அதோடு கூட்டத்தை முடித்திருக்கலாம். எங்கள் கட்சிச் செயலாளர் சும்மா இருக்காமல், "அடுத்து நம்ம வேட்பாளரோட துணைவியார் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மைக்கை உங்கள் மகள் கையில் கொடுத்துவிட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைத் தையல்காரர் எழுந்து, "ஏம்மா, நீங்க உங்க வீட்டுக்காரருக்குத்தானே ஓட்டுப் போடுவீங்க?" என்று கேட்டார். சும்மா தமாஷுக்குக் கேட்டதுதான். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். உங்கள் மகள் மட்டும் சிரிக்காமல் யோசித்தாள். மாமா, அவள் யோசித்த யோசனையிலேயே எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முடிவு பண்ணலைங்க. எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுத்தானே போடணும்?" என்றாள்.

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு மேடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கோ பின்னால் ஒருத்தர் கைதட்ட ஆரம்பித்தார், அப்புறம் பாருங்கள், கொட்டாவியை மறைத்த கைகளெல்லாம் தட்டுகின்றன! கூட்டம் கலைந்ததும் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மாள் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மைக்குலயே சொல்லிட்டாளே!" என்று பக்கத்திலிருந்தவளிடம் அதிசயப்பட்டாள்.

எனக்கு இது புதிதில்லைதான். கடையில் யார் எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பினாலும் நான் "பிரமாதம் சார்" என்பேன். உங்கள் மகள் கல்லாவிலிருந்து நிமிர்ந்து, "ஆந்தை மாதிரி இருக்கு, கழட்டுங்க" என்பாள். வந்தவர் கோபித்துக்கொண்டு போகமாட்டார். அவள் தலையாட்டும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பார். கடை நடப்பதே அந்தத் தலையாட்டலில்தான். ஆனால் விற்பனைக்கு நானே வந்து நிற்கும்போதும் கல்லாவிலிருந்து அப்படித்தான் நிமிர்ந்து பார்ப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனோம். கதவைத் திறக்கிறவர்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மா வந்திருக்காங்களா?" என்கிறார்கள். வந்திருந்தால்தான் உள்ளே நாற்காலி. ஒரு வீட்டில் சாக்கடை அடைப்பைப் பற்றிச் சொன்னார்கள். நான் வழக்கப்படி, "ஒரே வாரத்துல முடிச்சுடலாம்" என்றேன். அவள் குறுக்கே புகுந்து, "எங்க வீட்டுக் குளியலறைக் குழாய் ரெண்டு வருஷமா ஒழுகுது, அதுக்கும் இவர் ஒரு வாரம்தான் சொன்னார். நீங்க ஆறு மாசம்னு வச்சுக்கோங்க. அதுக்குள்ள நடக்கலைன்னா கடைக்கு வந்து என்னைக் கேளுங்க" என்றாள். அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்றுவிட்டார் மாமா! "ஓட்டுக் கேட்டு வந்தவங்க இத்தனை வருஷத்துல ஆறு மாசம்னு சொல்லி இன்னிக்குத்தான் கேட்கறேன்" என்றார். அவள் சொன்ன ஆறு மாதத்துக்கு இருக்கிற மதிப்பு என்னுடைய ஒரு வாரத்துக்கு இல்லை.

இதற்கு நடுவில் எதிர்த்து நிற்கிற கட்டில் கடைக்காரர் தன் மனைவியை மேடையேற்றி, "என் ஓட்டு என் வீட்டுக்காரருக்கே" என்று சொல்ல வைத்தார். "பாவம், வேற என்ன சொல்லும் அந்தம்மா" என்று ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு ரோஷம் வந்து என்ன செய்தார் தெரியுமா? முடிவு செய்யாத ஓட்டென்றால் எனக்கும் கேட்க உரிமை உண்டு என்று நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவியிடம், என்னைத் தோற்கடிக்க ஓட்டுக் கேட்கிறார். நான் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பாதித் தெரு நிற்கிறது. உங்கள் மகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க. நடைபாதை பூரா உங்க கடைக் கட்டிலைப் போட்டு வச்சிருக்கீங்களே, ஜனங்க அது மேல ஏறி இறங்கிப் போகணுமா?" என்றாள். மனுஷன் பாதி டீயோடு எழுந்தவர்தான். மறுநாள் காலையில் பார்த்தால் நடைபாதையில் ஒரு கட்டில் இல்லை! ஜனங்கள் வேண்டுமென்றே அந்தப் பக்கமாக நடந்து பார்த்துவிட்டு வந்தார்கள். நகராட்சி நோட்டீசுக்கு நகராத கட்டில்கள் மாமா. நானும் போய் நடந்து பார்த்தேன், பொய் சொல்வானேன்.

இப்போது வார்டு முழுக்க ஒரே பேச்சு. "அந்தம்மா யாருக்குப் போடறாங்களோ, நாங்களும் அவங்களுக்குத்தான்." சலூனில் அதே பேச்சு, பஸ்ஸில் அதே பேச்சு. செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊரை விடுங்க. கடைசிக் கூட்டத்துக்குள்ள அந்த ஒரு ஓட்டை வாங்குங்க. வாங்கலைன்னா நாம அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். ஆகையால் சில நாளாக நான் வீட்டுக்குள்ளேதான் பிரசாரம் செய்துகொண்டிருக்கிறேன். குழாயை நானே கழற்றினேன். குளியலறை மட்டும் நனைந்துகொண்டிருந்தது போய்க் கூடமும் நனைந்தது. கடைசியில் பொறுக்கமுடியாமல், "என்கிட்ட என்னதான் குறை, சொல்லித் தொலையேன்" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "யார் எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லிடறீங்க. பஸ் ஸ்டாப்பை மேலத்தெருவுக்கும் தரேன்னீங்க, கீழத்தெருவுக்கும் தரேன்னீங்க. பஸ்ஸை ரெண்டாவா வெட்டுவீங்க?"

இரண்டு தெருவுக்கும் சொன்னது வாஸ்தவம். மறுநாள் தனியாகக் கீழத்தெருவுக்குப் போய், "உங்க தெருவுல பஸ் திரும்ப இடமில்லை, ஸ்டாப் மேலத்தெருவுலதான் வரும், நான் அன்னிக்குச் சொன்னது தப்பு" என்று சொன்னேன். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன், நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். "அம்மா சொல்லி அனுப்பினாங்களா?" என்று மட்டும் ஒருத்தர் கேட்டார். இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் உங்கள் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தார்களே, அதில் கால்வாசியாவது அந்தப் பார்வையில் இருந்தது மாமா. எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில். வீட்டுக்கு வந்து சொன்னேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். ஓட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மனசை விட்டுச் சொல்கிறேன். தோற்றால் ஒன்றும் குடி முழுகிப்போகாது, கடை இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் கூடவே இருந்து, என்னை உள்ளும் புறமும் பார்த்தவள் ஒருத்தி. அவளே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால் அப்புறம் ஊரே சேர்ந்து ஜெயிக்க வைத்தாலும் எனக்கு என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது அந்த ஒரு ஓட்டுதான். ஆகவே மாமா, தாங்கள் தயவுசெய்து கிளம்பி வந்து, மாப்பிள்ளை அப்படியொன்றும் மோசமில்லை என்று உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை சிபாரிசு செய்யவேண்டும். அவள் உங்கள் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டாள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இருந்தாலும் வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளிர்காற்றில் வெளியே நிற்கவேண்டாம் என்று இருவருக்கும் உங்கள் மகள் சொல்லச் சொல்லுவாள், அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் ஆசியும் ஒத்தாசையும் வேண்டும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் மகள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். "அப்பாவுக்கா? சிபாரிசா?" என்றாள். மறைக்க முடியவில்லை. "உங்களுக்குத்தான் போடப்போறேன்னு அப்பாகிட்ட முதல் நாளே போன்ல சொல்லிட்டேனே, அவர் சொல்லலையா?" என்கிறாள்! மாமா, நீங்களுமா! "அதை அன்னிக்கே மேடையில சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று கத்தினேன். "சொல்லியிருந்தா நீங்க கீழத்தெருவுக்குப் போயிருப்பீங்களா?" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவேண்டாம் என்று விளக்கை அணைத்துவிட்டேன். இருட்டில், "சரி, நீங்க யாருக்குப் போடப்போறீங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் வீடு வீடாக என்னைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் பக்கத்திலேயே நின்று கேட்டவன் நான். கட்டில் கடைக்காரர் வேறு கட்டிலையெல்லாம் எடுத்துவிட்டார். "யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டேன். ஆகையால் மாமா, நீங்கள் கட்டாயம் வரவேண்டும். அவளிடம் எதுவும் பேசவேண்டாம். என்னைப் பற்றி என்னிடம்தான் நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும்.