வெந்நீர்க் குழி

மூடிக்கிடந்த சினிமா தியேட்டர் மூன்று மாதமாக மறுபடி ஹவுஸ்ஃபுல். படம் எதுவும் ஓடவில்லை. திரை இருந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி, அதில் ஒருவர். ஜனங்கள் அவருக்கு 'மேலே பார்த்தவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். செத்துப்போன அப்பா, அம்மா மேலே என்ன சுகம் அனுபவிக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நேரில் பார்த்துச் சொல்வார். கண்ணை மூடினால் எப்படி நேரில் என்று கேட்கக் கூடாது. கேட்டவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

பஸ் டிரைவரின் அம்மாவுக்கு மேலே நிரந்தரமாக ஜன்னலோர சீட் கிடைத்திருந்தது. பல் டாக்டரின் அப்பாவுக்கு முப்பத்திரண்டு பல்லும் புதிதாக முளைத்திருந்தன. வாழ்நாள் பூராவும் வீட்டில் வாய் திறக்காத ஒரு தபால்காரருக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாளுடன். அவர் மகன் அதைக் கேட்டு அரைமணி நேரம் ஆனந்தமாக அழுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்தச் சுகத்துக்கு வேண்டிய சாமானைப் பிள்ளைகள் கொண்டுவந்து வைக்க வேண்டும். மெத்தை, போர்வை, மின்விசிறி. எல்லாம் பின்வாசல் வழியாக மேலே போகும். மேலே போகிற மெத்தை எதற்காகக் குட்டி லாரியில் ஏறிப் பக்கத்துத் தெருக் கடைக்குப் போகிறது என்றும் கேட்கக் கூடாது.

அன்றைய கூட்டத்தில் ஒரு அச்சகத்தில் பிழைதிருத்துகிறவள் ஒருத்தி இருந்தாள். கூட வேலை செய்பவர்கள் 'பிழை அக்கா' என்பார்கள். பதினெட்டு வருஷம் அடுத்தவர் எழுத்தில் ல, ள, ழ பார்த்தே கண்ணாடி தடித்தவள். ஜோசியம், பேய், பிசாசு எதையும் நம்பாதவள். ஆனால் துக்கம் வந்தால் மூளை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. நமக்கும் அப்படித்தான், சிரிக்க வேண்டாம்.

அவள் அப்பாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம் வெந்நீர்க் குளியல். கடைசி நாள் காலையில் அதைத்தான் கேட்டார். ஹீட்டர் ரிப்பேர். "நாளைக்குக் குளிச்சுக்கலாம்பா" என்றாள். அடுப்பு இருந்தது, பாத்திரம் இருந்தது, ஆனால் அவளுக்குத் திருத்த வேண்டிய தாள்கள் இருந்தன. சாயங்காலம் அப்பா இல்லை. ஏழு வாரமாக அந்த 'நாளைக்கு' அவளைத் துரத்துகிறது. மேலே அவருக்கு வெந்நீர் கிடைக்கிறதா? அது தெரிந்தால் போதும் அவளுக்கு.

கிளம்பும்போது அம்மா சொல்லியனுப்பினாள்: "போறதுதான் போறே, அங்கே முதுகு தேய்க்க ஆள் இருக்கான்னும் கேட்டுட்டு வா. நாப்பது வருஷம் நான்தானே தேய்ச்சேன்."

காத்திருக்கும் கூடத்தில் ஓர் அட்டை தொங்கியது. கையெழுத்தில், 'அழைத்ததும் உழ்ழே வரவும்.' பிழை அக்கா பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டு ழவையும் ளவாக்கினாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

பக்கத்தில் நனைந்த கைக்குட்டையோடு ஒரு பெண்மணி. "யாரும்மா போயிட்டாங்க?"

"அப்பா."

"எனக்கும் அப்பாதான். உங்க அப்பாவுக்கு எதுல ஆசை?"

"வெந்நீர்க் குளியல்தான், அக்கா." எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குட்டைப் பெண்மணி கூடவே அழுதாள். அப்புறம் "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

பிழை அக்காவின் முறை வந்தது. மேலே பார்த்தவருக்கு ஒரு தட்டில் தண்ணீர் டம்ளர் வந்தது. அவர் டம்ளரைத் தூக்கினார், தட்டை ஒரு பார்வை பார்த்தார், கண்ணை மூடினார். புருவம் சுருங்கியது. அவருக்கே கொஞ்சம் குழப்பம்தான்.

"உங்க அப்பா வெந்நீர்க் குழியில இருக்காரும்மா."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூன்று மாதத்தில் சுகப்படாத முதல் ஆத்மா.

"குழியிலயா?"

"கழுத்து வரைக்கும். தளதளன்னு கொதிக்குது. பயப்படாதே, வேற இடத்துக்கு மாற்றல் வாங்கிடலாம். ஒரு ஃப்ரிட்ஜ் கொண்டுவந்து வை."

குளிக்கக் கேட்ட மனுஷனைக் கொதிக்க வைத்துவிட்டார்களே. அடுத்த நொடி, லீவில் போயிருந்த மூளை வேலைக்குத் திரும்பியது. குழியில். குழியல். குளியல்.

"ஐயா, அது குழியா, குளியலா?"

"குழிதான். தெளிவா தெரியுது."

"எழுத்து தெரியுதா, எங்க அப்பா தெரியறாரா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

பிழை அக்கா காத்திருக்கும் கூடத்துக்குத் திரும்பிக் கைக்குட்டைப் பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெந்நீர்க் கதை தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். "அப்பாதான் அப்படி ஆயிட்டார், அக்கா. அம்மாவையாவது பார்க்கச் சொல்லணும். அவங்களுக்குக் கிளின்னா உயிர்." அம்மா காதில் விழுந்தால் கரண்டியைத் தூக்குவாள் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே சொன்னாள்.

பெண்மணிக்கு மறுபடி தாகம் எடுத்தது.

பிழை அக்கா நேரே நாற்காலி முன்னால் போய் நின்றாள். "எங்க அம்மாவுக்கு மேலே என்ன சுகம், அதைச் சொல்லுங்க." தண்ணீர் வந்தது. அவர் டம்ளரைத் தூக்கினார், தட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. தட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அத்தனை பேர் பார்க்க, அதை இரண்டாகக் கிழித்தார். நான்காகக் கிழித்தார்.

பிழை அக்கா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். கிழிந்த தாளை ஒட்டிப் படிப்பது அச்சகத்தில் தினப்படி வேலை. நாற்காலியின் கையிலேயே அடுக்கிவைத்துச் சத்தமாகப் படித்தாள்.

"அம்மா. கிழி."

"என்னம்மா அது?" என்றார் பஸ் டிரைவர். மெத்தை கொடுத்தது போதாதென்று அன்றைக்குப் போர்வையோடு வந்திருந்தார்.

"நான் அந்தக் கைக்குட்டை அக்காகிட்ட கிளின்னு சொன்னேன், அண்ணே. வெளியே 'உழ்ழே'ன்னு எழுதின கை, இதுலயும் ழ போட்டிருக்கு. சீட்டைக் கிழிக்கச் சொல்றாங்கன்னு நினைச்சு இவர் கிழிச்சுட்டார். எங்க அப்பா கொதிச்சதும் இந்தக் கையாலதான்."

மேலே பார்த்தவர் சுதாரித்தார். "உங்க அம்மா மேலே சுகமா இருக்காங்க. அதைச் சொல்ல வர்றதுக்குள்ள..."

"அம்மா வீட்டுல காய் நறுக்கிட்டிருக்காங்க."

தியேட்டரில் அவ்வளவு நல்ல சிரிப்பு படம் ஓடின காலத்தில்கூடக் கேட்டதில்லை. பஸ் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ எங்க அம்மாவுக்கு ஜன்னலோர சீட்?" என்றார், போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு.

பிழை அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "இங்கே இருந்தப்ப உட்கார வெச்சீங்களா, அண்ணே?"

"என் பஸ்லயே, என் பின்னாடி சீட்டு. தினமும்."

"அது பொய்யில்லையே."

அவர் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேலே பார்த்தவர் கண்ணைத் திறந்துகொண்டு பின்வாசலைப் பார்த்து நடந்தார். கைக்குட்டைப் பெண்மணி அவருக்கு முன்னாலேயே குட்டி லாரியில் ஏறியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பிழை அக்கா பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். ஹீட்டர் சரியாகி ஆறு வாரம் ஆகியிருந்தது. இருந்தாலும் அடுப்பில்தான் ஏற்றினாள்.

"என்ன சொன்னான்?" என்றாள் அம்மா.

"அவனுக்கு ஒண்ணும் தெரியலைம்மா. எனக்கும் தெரியலை."

"எனக்கு மட்டும் தெரியுமா? சரி, இந்த வெந்நீர் யாருக்கு?"

"உனக்கு. முதுகைத் திருப்பு."

மேலே வெந்நீர் உண்டா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யாருமில்லை. பார்த்ததாகச் சொல்கிறவர் நாளைக்கு உங்கள் தெருவுக்கும் வருவார், தட்டில் டம்ளரோடு. கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன்னால் டம்ளரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். அதற்குச் சிவப்புப் பேனாகூட வேண்டாம். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அது போதும்.