மழமழ சாமியும் மஞ்சள் துண்டும்

மழமழ சாமியின் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. அத்தனையும் ஆண்கள். அத்தனை பேர் கழுத்தும் சிவப்பு. ஒருத்தன் வறட்டு வறட்டென்று சொறிகிறான். இன்னொருத்தன் தாடையை நீட்டி, "கொஞ்சம் ஊதி விடுங்க, புண்ணியமாப் போகும்" என்று முன்பின் தெரியாதவனிடம் கெஞ்சுகிறான். இத்தனை எரிச்சலிலும் ஒருவருக்காவது தன் பிளேடு மேல் சந்தேகம் வந்ததா? ஊகூம். சந்தேகமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் கண் மேல்தான்!

சாமியின் கண்டுபிடிப்பு அப்படி. சவரம் செய்தால் எரிகிறதா? கண்ணேறு. சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்புகிறதா? பொல்லாத கண்ணேறு. சாமியின் கன்னமோ வெண்ணெய்க் கட்டி. அவர் சவரமே செய்வதில்லையாம், ரோமம் தானாக உதிர்ந்துவிடுகிறதாம். சீடன் இதைச் சொல்லும்போதெல்லாம் கூட்டம் வாயைப் பிளந்து கைகூப்பியது.

அந்த வரிசையில்தான் நம் ஹோட்டல் வரவேற்பாளர் நின்றார். பாவம், தினமும் மழமழவென்று மழித்துக்கொண்டு வாசலில் நின்று சிரிக்க வேண்டிய உத்தியோகம். அவருக்கு அந்த வேலை உயிர். மேனேஜரோ, "உன் கழுத்தப் பார்த்துட்டு வர்றவங்க பயப்படறாங்கய்யா. ஒரு வாரம் லீவு. அதுக்குள்ள சரியாகலைன்னா பின்கட்டுல அழுக்குத் துணி பிரிக்கப் போயிடு" என்று சொல்லிவிட்டார். அன்று வரவேற்பாளர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

இத்தனைக்கும் மனிதர் சாமி சொன்னதில் ஒன்றைக்கூட மீறவில்லை. சாமி மந்திரித்துக் கொடுத்த பிளேடை மாதக்கணக்கில் மாற்றவில்லை. ஊற ஊறத்தான் மந்திரத்துக்கு வேகமாம்! வெந்நீர் கூடாது, மந்திரம் கரைந்துவிடுமாம். நுரையும் பேருக்குத்தான். கண்ணேறு மேலிருந்து கீழே இறங்குவதால், கீழிருந்து மேலே அழுத்தி இழுத்துத் துரத்த வேண்டுமாம். எரிந்தால் கண்ணேறு போகிறது என்று அர்த்தம். ரொம்ப எரிந்தால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் ஜெயிப்பது சாமிதான்.

"டேய், என்னடா இது துருப்பிடிச்ச தகடு? இதுல தேங்கா நார்கூட உரிக்க முடியாதே!" என்றாள், அன்று காலை வீட்டில் அந்த பிளேடைப் பார்த்த அவருடைய அக்கா. அக்கா பஸ் கண்டக்டர். அவள் குரல் முன்படிக்கட்டிலிருந்து பின்படிக்கட்டு வரை போகும்.

"கத்தாதக்கா, சாமி குத்தமாயிடும்."

"கிளம்பு. உன் சாமிய நானும் பார்க்கறேன்."

முறை வந்தது. வரவேற்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். சீடன் பிரஷ்ஷைக் குழைத்து முகமெல்லாம் சோப்பு நுரை அப்பினான். சாமி கண்ணை உருட்டி, எதையோ முணுமுணுத்து, ஈரமான மஞ்சள் துண்டால் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். துண்டு ரத்தமாகச் சிவந்தது!

"ஐயய்யோ!" என்றது கூட்டம். "இறங்குது, இறங்குது!"

"உன் வேலை மேல எவனோ கண்ணு வெச்சிருக்கான்" என்றார் சாமி. "இதுக்குப் பெரிய பூஜை போட்ட பிளேடு வேணும். காணிக்கையும் பெருசாத்தான் ஆகும்."

வரவேற்பாளரின் கை தானாகப் பைக்குள் போனது. அக்கா அதைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"சாமி, ஒரு சின்ன சந்தேகம்."

சொல்லிக்கொண்டே சீடன் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கி நாற்காலியின் கையில் நுரை பூசினாள். சாமி கையிலிருந்த மஞ்சள் துண்டைப் பறித்து, சிவக்காத முனையால் ஒரு துடை. செக்கச் செவேல்!

"இந்த நாற்காலி மேல கண்ணு வெச்சது யாரு சாமி? உங்க வீட்டுக் கட்டிலா?"

பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். சாமி அசரவில்லை. "உட்கார்ந்தவங்களோட கண்ணேறு அதுல ஒட்டியிருக்கு, அறிவுகெட்டவளே!"

"ஓஹோ! அப்ப ஒட்டாத இடத்துல பார்த்துடுவோம்" என்று அக்கா, சாமியின் வெண்ணெய்க் கன்னத்திலேயே பிரஷ்ஷை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அழுத்தித் துடைத்தாள். துண்டில் மிச்சமிருந்த மஞ்சளும் சிவந்தது. கூடவே பவுடர் வண்டி வண்டியாக உரிந்து வந்தது. அடியில் பார்த்தால், அடேயப்பா! தாடையெல்லாம் பொரிப்பொரியாக, நேற்றைய சவரத்தின் கீறல்கள். தானாக உதிர்ந்த ரோமத்தின் லட்சணம்!

"மஞ்சள்ல முக்கின துணிய்யா இது!" என்று அக்கா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "சோப்பு பட்டா சிவக்கும். மஞ்சக் கறை பட்ட சட்டைய ஒரு நாளாவது நீங்களே துவைச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கும்."

சாமி ஒரு கன்னத்தில் நுரையோடு பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார். சீடன் அவரை முந்திக்கொண்டு ஓடினான். அப்போதும் ஒரு பெரியவர் மெதுவாக அக்காவின் பக்கத்தில் வந்து, "சாமி போனாப் போகுதும்மா, துண்டுல சக்தி இருக்கில்ல? அதை எனக்குக் குடுத்துடேன்" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மிச்ச லீவு முழுக்க வரவேற்பாளர் முகத்தில் கத்தியே வைக்கவில்லை. எரிந்தபோது ஈரத்துணியை ஒற்றிக்கொண்டதோடு சரி. வேலைக்குப் போகும் காலையில், சாமி சொன்னதற்கெல்லாம் நேர்மாறாக, வெந்நீரால் முகத்தை நன்றாக நனைத்தார். நுரையைத் தாராளமாகப் பூசி, முடி இளகும்வரை பொறுத்தார். புது பிளேடு. முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே, அழுத்தாமல், பூப்போல இழுத்தார். கழுவிவிட்டுக் காத்திருந்தார், இப்போது எரியும், இப்போது எரியும் என்று. எரியவே இல்லை! மனிதர் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறையிலேயே ஓர் ஆட்டம் போட்டார்.

ஹோட்டல் வாசலில் மேனேஜர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பிரமாதம்! நீ இங்கயே நில்லுய்யா" என்றார். பிறகு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, டையைத் தளர்த்திக் காலரை இறக்கினார். கழுத்து முழுக்கச் செக்கச் சிவப்பு.

"எந்த சாமிகிட்டய்யா போன? விலாசம் சொல்லேன்."

வரவேற்பாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், பிளேடால தாடியை மட்டும் மழிங்க. மூளையையும் சேர்த்து மழிச்சுக்கிட்டா, எந்த சாமிகிட்டப் போனாலும் எரியத்தான் செய்யும்."